மூன்றாம் வேர்

எனோக்கின் நெடுங்கயிற்றுத் தூண்டிலில் அன்றைக்கு ஹாலிபட் நன்றாகவே விழுந்திருந்தது. கடல்பனியில் வெட்டிய துளையருகே குந்திக்கொண்டு கைராட்டினத்தைச் சுற்றச் சுற்ற, மீன்கள் கறுத்துக் கொழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்து பனியில் விழுந்தன. இரண்டு துள்ளு துள்ளிவிட்டு விறைத்துப்போயின. நாய்கள் தள்ளிப் படுத்தபடி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தன. கயிறு முடிகிற இடத்தில் ஒரு முள்ளில் மீனுக்குப் பதிலாக வேறொன்று மாட்டியிருந்தது. சீல் எனும் கடல்நாயின் தாடை என்று நினைத்து அவன் தூக்கி எறியப் போனான். பிறகுதான் பல்லைப் பார்த்தான். எனோக் கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தக் குளிரில் வெறுங்கையோடு கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய மீன் தொழிற்சாலைத் தராசுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே இன்னாக் குடியிருப்பு முழுக்கச் செய்தி போய்விட்டது. "செவெரின் கிடைச்சுட்டான்" என்றார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போன மார்ச்சில் பெரிய ஊரிலிருந்து நாய்வண்டியில் இன்னாக்குக்குத் திரும்பிய செவெரினைத்தான் கடல் இன்னும் திருப்பித் தரவில்லை. காற்று திரும்பி, பனித்தரை பிளந்து, அவனையும் வண்டியையும் திறந்த கடலுக்கு இழுத்துப் போய்விட்டது. அறுந்த வாரோடு ஒரு பெட்டைநாய் மட்டும் வீடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு வேறு யாரும் அந்தப் பக்கம் தொலைந்துபோகவில்லை. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

தாடையைப் பரிசோதனைக்கு டென்மார்க்குக்கு அனுப்பினால் பதில் வர மாதக்கணக்காகும். அதற்குமுன் பெரிய ஊரின் பல் மருத்துவமனையில் காட்டி, செவெரினின் பழைய பல் படங்களோடு ஒத்துப்பார்க்கச் சொன்னார் போலீஸ்காரர் யோர்கென். அங்கேதான் செவெரினின் அக்கா பிபியானா வேலை பார்த்தாள்.

பிபியானா அந்த மருத்துவமனையில் உதவியாளாகச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போது கல்யாணமாகி, புருஷன் இன்னொருத்தியோடு நூக் நகரத்துக்குப் போய், பெற்ற ஒரே மகனும் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். டாக்டர்கள் டென்மார்க்கிலிருந்து வருவார்கள். ஒரு குளிர்காலம், மிஞ்சினால் இரண்டு. அப்புறம் இருட்டுத் தாங்காமல் போய்விடுவார்கள். இப்போது இருப்பவள் சிக்னெ. சின்னப்பெண், இலையுதிர்காலத்தில் வந்தவள். வெளியே நாய் குரைத்தால் பயப்படுவாள், காற்றடித்தால் பயப்படுவாள். கையுறை மாட்டி ஒருத்தர் வாய்க்குள் குனிந்துவிட்டால் எதற்கும் பயப்பட மாட்டாள். பிபியானாவுக்கு அவளைப் பிடித்திருந்தது.

"பிபியானா, இன்னைக்கு நீங்க வீட்டுல இருங்க. உங்க தம்பி அது. நான் தனியாப் பார்த்துக்கறேன்" என்றாள் சிக்னெ காலையில்.

"என் தம்பிதானே? நான் பார்க்காம யார் பார்ப்பா?" என்று பிபியானா கருவிகளைக் கிருமிநீக்கியிலிருந்து எடுத்து அடுக்கினாள்.

காத்திருப்பு அறையில் அமாலியா வந்து உட்கார்ந்திருந்தாள். செவெரினின் பெண்சாதி. எனோக்கின் நாய்வண்டியில் விடியுமுன் கிளம்பி வந்திருக்கிறாள். சூரியன் மலை முகட்டுக்கு மேல் தலைகாட்ட ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை; மத்தியானத்தில் ஒரு சிவப்பு எட்டிப் பார்க்கும், உடனே இறங்கிவிடும். அமாலியாவின் புருவமெல்லாம் பனி படிந்து உருகிக்கொண்டிருந்தது. மடியில் சீல்தோல் பைக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை முளைத்திருந்தது.

"இந்தக் குளிர்ல இவனையும் ஏன் தூக்கிட்டு வந்த?" என்று பிபியானா குழந்தையை வாங்கினாள்.

"நல்லாருக்கே மதினி! அவரு விஷயம் பேசுறாங்க. அவரு இல்லாம எப்படி?"

குழந்தை அமாலியாவின் பேரன். மகள் நிவி, அப்பா தொலைந்த அடுத்த மாதமே பெற்றாள். செத்தவர் பெயர் அந்தரத்தில் குளிரில் அலையக்கூடாது. அடுத்துப் பிறக்கிற குழந்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் அவனும் செவெரின். பெயரோடு உறவும் வந்துவிடும். பெற்றவளே மகனை "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். பாட்டிக்கு அவன் புருஷன். பிபியானாவுக்குத் தம்பி.

"ராத்திரி பூராத் தூங்கல மதினி, யாரையும் தூங்கவும் விடல இந்த மனுஷன். பல்லு முளைக்குது. கண்டதையெல்லாம் கடிக்கிறாரு. நேத்து எனோக்கோட நாய்வாரையே கடிச்சு வெச்சுட்டாரு."

"அப்பவும் அப்படித்தானே? வாய் சும்மாவே இருக்காது."

"அதச் சொல்லுங்க." அமாலியா சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "அதத்தான் மதினி நான் நெனச்சு நெனச்சுச் சாகுறேன். பேசாம ஒரு நிமிஷம் இருக்க முடியாது அவருக்கு. யாரும் இல்லேன்னா நாய்ங்ககிட்டயாவது பேசிட்டே போவாரு. அந்த மனுஷன் கடைசியில, அம்மாம்பெரிய தண்ணியில, பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லாமத் தனியா..."

பிபியானா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தெர்மாஸிலிருந்து காபி ஊற்றி, காய்ந்த மீனை ஒடித்து அவள் கையில் வைத்தாள்.

அமாலியா பக்கத்திலிருந்த துணிப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே செவெரினின் வெள்ளை அனோராக், திருவிழாவுக்கும் சர்ச்சுக்கும் மட்டும் போடுகிற சட்டை, இஸ்திரி போட்டு மடித்து இருந்தது. "ஒரு எலும்புதான். இருந்தாலும் வெறும் பெட்டியிலயா வைக்கிறது? இதுல சுத்தி வெச்சுடலாம்னு கொண்டுவந்தேன். பாதிரியார்கிட்டச் சொல்லியாச்சு. எனோக் கல்லறைக்குக் கல்லு பொறுக்கித் தாரேன்னான்."

"நல்ல காரியம்."

"உங்க மகன் மினிக் பேசுனானா?"

"ஞாயித்துக்கிழமை பேசுனான்."

"என்ன சொல்றான்?"

"என்ன சொல்லுவான்... ஆல்போர்க்ல ஒரே மழையாம். வேலை ஜாஸ்தியாம்."

"பொண்ணு கிண்ணு?"

"கேட்டா சிரிக்கிறான்."

இது அத்தனையும் பொய். மினிக் ஞாயிற்றுக்கிழமை பேசவில்லை. எந்தக் கிழமையும் பேசவில்லை. போன மார்ச்சில் ஒரு காபி விருந்தில், நாலுபேர் முன்னால், குடிப்பதைப் பற்றி அம்மாவுக்கும் மகனுக்கும் சண்டை முற்றிவிட்டது. டென்மார்க்கில் ஆல்போர்க்குக்கே போய்த் தொலைகிறேன் என்றான் அவன். போனால் திரும்பி வராதே என்றாள் இவள். மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டர் இறங்கும் மேட்டுப் பக்கம் நடந்தான். காற்றினால் காலையில் பறக்கவில்லை என்று கேள்விப்பட்டு, திரும்பி வருவான் என்று பிபியானா சூப்பைச் சூடாக வைத்திருந்தாள். மத்தியானம் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. சரி, போய்விட்டான் என்று அடுப்பை அணைத்தாள். அதற்கப்புறம் அவன் போன் எடுக்கவே இல்லை. முன்னாலும் ஒரு தடவை கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவன்தான். அம்மாவுக்குத் தப்பாத பிள்ளை. கேட்கிறவர்களிடம் என்ன சொல்வது? பெற்ற மகன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. பேசினான் என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது ஆல்போர்க்கின் மழை எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"பிபியானா!" என்று உள்ளேயிருந்து சிக்னெ கூப்பிட்டாள்.

விளக்கின் கீழே, பச்சைத் துணிமேல் தாடை இருந்தது. கடல்பேன்கள் துப்புரவாகத் தின்று விட்டிருந்தன. சேறு கழுவிய பிறகு எலும்பு தந்தம்போல மஞ்சளாக இருந்தது. முன்பற்கள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. இடது பக்கம் முதல் கடைவாய்ப் பல்லும் இல்லை. குழி மட்டும் வாய் திறந்திருந்தது. வலது பக்கத்தில் அதே பல், மேல்பாதி உடைந்து, வேர் மட்டும் எலும்புக்குள் புதைந்திருந்தது.

சிக்னெ மெல்லிய கொக்கியால் இடது குழியில் அடைந்திருந்த மணலைக் கிளறி எடுத்தாள். "இங்க பாருங்க. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. சரி, அது எல்லாருக்கும் இருக்குறது. நாக்குப் பக்கமா, இதோ, மூணாவதா ஒரு சின்னக் குழி. மூணு வேர்!" அவள் குரலில் பள்ளிக்கூடப் பிள்ளையின் குதூகலம் இருந்தது. "படிக்கும்போது படத்துலதான் பார்த்திருக்கேன். எங்க ஊர்ல நூறு பேருக்கு ஒருத்தருக்கு இருந்தாலே அதிகம்."

"இங்க தெருவுக்கு நாலு வீட்டுல இருக்கும்" என்றாள் பிபியானா. "எங்க வீட்டுல எல்லாருக்கும். எங்கப்பாவுக்கு, எனக்கு, செவெரினுக்கு. எங்கப்பாவுக்குப் பல்லைப் பிடுங்குறதுக்குள்ள அந்தக் காலத்து டாக்டருக்கு வேர்த்து வழிஞ்சுடுச்சு. கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கும், விடாது."

கணினியில் செவெரினின் பழைய படத்தை எடுத்தார்கள். இடது பக்கம் மூன்று வேர், சின்னது நாக்குப் பக்கம் வளைந்து. சிக்னெ தாடையின் இடது பக்கத்தைப் படமெடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். குழியின் வளைவும் படத்திலிருந்த வேரின் வளைவும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

"இத வெச்சு மட்டும் அடிச்சுச் சொல்ல முடியாது. இங்க நிறையப் பேருக்கு இருக்குறதுதான். ஆனா இடம், காலம், குடும்பப் பல்லு, எல்லாம் சேருது. இவரு உங்க தம்பிதான்னு நெனைக்கிறேன்" என்றாள் சிக்னெ. "மனசுக்குக் கஷ்டமா இருக்கும்."

பிபியானாவுக்கு அது கஷ்டமாக இல்லை. நெஞ்சில் மாதக்கணக்காக இருந்த ஒரு கல்லை யாரோ நகர்த்திவிட்டதுபோல இருந்தது. தம்பி வந்துவிட்டான். கால்வாசி ஆளாகவாவது வந்துவிட்டான். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு காத்திருப்பு அறைக்கு ஓடினாள்.

"அமாலியா, நம்ம வீட்டுப் பல்லு! மூணு வேர் இருக்கு. செவெரின்தான்!"

அமாலியா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் குழந்தை நசுங்கி வீறிட்டது. "பார்த்தியா மனுஷா, உன்னக் கண்டுபிடிச்சாச்சு. எதுக்கு அழுவுற? இனிமே கரையில கிடக்கலாம்" என்று அமாலியா அவன் முகம் முழுக்க முத்தமிட்டாள். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு மூச்சு வாங்கியது.

பிபியானா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, சிக்னெ வலது பக்கத்தையும் படமெடுத்திருந்தாள். திரையை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"பிபியானா, இதப் பாருங்க. இந்தப் பக்கமும் மூணு வேர்தான். ஆனா இதுல வேர்ச் சிகிச்சை பண்ணியிருக்கு. ரெண்டு வேர்ல மருந்து அடைச்சு வெள்ளையாத் தெரியுது பாருங்க. மூணாவதுல..." அவள் பென்சிலால் திரையைத் தொட்டாள். "வளையிற இடத்துல, ஊசிமாதிரி ஒரு கோடு. வேர்க்குழாயச் சுத்தம் பண்ற கம்பி உடைஞ்சு உள்ளயே நின்னுருக்கு. செவெரின் ரெக்கார்டுல இப்படி ஒண்ணுமே இல்லியே?"

பிபியானா பார்த்தாள்.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும்.

அந்தக் கம்பி உடைந்தபோது உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள் கைதான். அப்போதிருந்த டாக்டர் வயசானவர், பொறுமைசாலி. முதல் தடவை இரண்டு வேரைச் சுத்தம் செய்து அடைத்து அனுப்பினார். வலி நிற்கவில்லை. திரும்பத் திறந்து, நாக்குப் பக்கமாகத் துருவித் துருவி, ஒளிந்துகிடந்த மூன்றாவது குழாயைக் கண்டுபிடித்தார். அது கொக்கிபோல வளைந்திருந்தது. கம்பி உள்ளே போனது. நுனி இல்லாமல் வெளியே வந்தது. எடுக்கப் பார்த்தால் வேர் கிழியும், சுத்தமாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டர். நாற்காலியில் மரத்துப்போன வாயோடு படுத்திருந்தவன் கோணலாகச் சிரித்தான். "அம்மா, இனிமே ஏர்போர்ட்ல என்னப் பார்த்தாலே மணி அடிக்கும் பாரு."

மினிக்.

பிபியானா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை வரவில்லை; அழுவதற்கு முதலில் நம்ப வேண்டும். ஆல்போர்க்கில் மழை பெய்துகொண்டிருந்தது. அவன் அங்கே இருந்தான். ஹெலிகாப்டர் சத்தத்தை இரண்டு காதாலும் கேட்டாளே!

கேட்டது சத்தத்தைத்தான். அவன் ஏறியதை அவள் பார்க்கவில்லை. காலையில் பறக்கவில்லை என்றதும் அந்த மேட்டில் அவன் எவ்வளவு நேரம் நின்றிருப்பான்? வீட்டுக்குத் திரும்பினால் அம்மாவிடம் தோற்றதாகிவிடும். அன்றைக்கு அந்த வழியாகத்தான் மாமா நாய்வண்டியை ஓட்டிக்கொண்டு இன்னாக்குக்குப் போயிருப்பான். ஏறிக்கோடா மருமகனே, நாலுநாள் மீன் பிடித்துவிட்டுக் கோபம் ஆறினதும் போ என்றிருப்பான். அவன் அப்படித்தான் சொல்வான். அவன் குரல்கூட அவளுக்குக் கேட்டது.

அதற்கு அடுத்து பிபியானாவுக்கு நினைவு வந்தது யோர்கெனின் போன்.

செவெரினைத் தேடிக்கொண்டிருந்த நேரம். யோர்கென் அவளுக்குப் போன் செய்தார். "பிபியானா, ஒரு சீல் வேட்டைக்காரன் தொலைநோக்கியில பார்த்திருக்கான். பெரிய பனிமலைக்குத் தெக்கே, மிதக்குற பனியில ஒரு நாய்வண்டி. ஆனா ரெண்டு பேர் இருந்தாங்கன்றான். செவெரின் தனியாத்தானே கிளம்புனான்? உன் மகன் எங்க?" அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். மகன் போய்ச் சேர்ந்து ஒரு போன்கூடப் போடவில்லை என்கிற கோபம் ஆறவே இல்லை. யோர்கெனின் பெண்சாதியும் அந்தக் காபி விருந்தில் இருந்தவள். "அவன் ஆல்போர்க் போய்ச் சேர்ந்துட்டான். நேத்து ராத்திரிதான் பேசுனான்" என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் பொய். அப்படியென்றால் வேட்டைக்காரன் பார்த்தது வேறு யாரோ, கரைப்பக்கம் போகிறவர்கள் என்று யோர்கென் முடிவு செய்தார். காற்றின் கணக்குப்படி ஹெலிகாப்டரை வடக்கே அனுப்பினார்கள். வடக்கே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

"பிபியானா? உட்காருங்க. முகம் வெளுத்துப்போச்சு." சிக்னெ நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வேற எங்கயாவது போய்ச் சிகிச்சை எடுத்திருப்பாரா உங்க தம்பி? அப்படின்னா இங்க ரெக்கார்டு இருக்காது. இல்லேன்னா இது அவரு இல்ல. ஊர்க்காரங்க படத்தையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் பார்க்கணும்."

"எடுத்திருப்பான்" என்றது பிபியானாவின் வாய். "நூக் போயிருந்தப்ப. பல்லுவலின்னு சொன்னான்."

எவ்வளவு சுலபமாக வந்தது! வருஷம் முழுக்கப் பழகின வாய். இது நிலைத்தால் தம்பிக்குக் கல்லறை கிடைக்கும், அமாலியாவுக்குத் தூக்கம் வரும், மினிக் ஆல்போர்க்கில் மழையில் நனைந்துகொண்டு உயிரோடு இருப்பான். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

"அப்ப அப்படியே எழுதிடறேன். நூக்லயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றாள் சிக்னெ. குரலில் முழுத் திருப்தி இல்லை. பிபியானா வெளியே வந்தாள்.

அமாலியா அனோராக்கை மடியில் விரித்து வைத்திருந்தாள். கழுத்தோரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்ததைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவிவிட்டதுபோலத் தெளிந்திருந்தது.

"மதினி, மினிக்குக்குப் போன் போடுங்க. நானே சொல்றேன். மாமான்னா அவனுக்கு உசிரு. அடக்கத்துக்கு வரச் சொல்லணும். வேலை கீலைன்னு சாக்குச் சொன்னான்னா இந்த அத்தை சும்மா விடமாட்டேன்னு சொல்லுங்க."

"அவன் எடுக்க மாட்டான்."

"வேலையில இருப்பானா? சாயங்காலம் போடுவோம்."

"சாயங்காலமும் எடுக்க மாட்டான்."

அமாலியா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன மதினி? ஏன் இப்படி நிக்கிறீங்க? உட்காருங்க."

பிபியானா உட்காரவில்லை. "அமாலியா, உள்ள இருக்குறது செவெரின் இல்ல."

"இப்பத்தானே சொன்னீங்க? மூணு வேர்னு..."

"எங்க வீட்டுப் பல்லுதான். வலது பக்கம் கம்பி உடைஞ்சு நிக்குது. அது உடைஞ்சப்ப நான் பக்கத்துல நின்னேன். மினிக் அது."

அமாலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு. "என்ன பேசுறீங்க? மினிக் ஆல்போர்க்ல இருக்கான். ஞாயித்துக்கிழமை பேசுனான்."

"பேசல. ஒருநாளும் பேசல. போனதுலேர்ந்து ஒரு தடவைகூடப் பேசல. எல்லாம் நானாச் சொன்னது. அவன் ஹெலிகாப்டர்ல ஏறவே இல்ல, அமாலியா. மாமாகூட வண்டியில ஏறியிருக்கான்."

வெளியே எனோக்கின் நாய்களில் ஒன்று ஊளையிட, மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது. அமாலியாவின் உதடு மெதுவாக அசைந்தது.

"அப்ப அவரு தனியாப் போகல" என்றாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "மினிக் கூட இருந்திருக்கான். பேச்சுக்கு ஆள் இருந்திருக்கு. ஐயோ, அந்தப் பிள்ளையும் போயிட்டானே மதினி! பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை..." அவள் கை நீட்டி பிபியானாவின் கையைப் பிடித்தாள்.

பிடித்த கை அப்படியே நின்றது. பிபியானா அதைத்தான் பயந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேர்" என்றாள் அமாலியா. "அந்த வேட்டைக்காரன் ரெண்டு பேர்னு சொன்னான். பனிமலைக்குத் தெக்கே. யோர்கென் வந்து சொன்னாரு, விசாரிச்சுட்டோம்மா, ரெண்டாவதா யாரும் காணாமப் போகல, அது உன் புருஷன் இல்லேன்னு. யாரை விசாரிச்சாரு?"

"என்னைத்தான்."

"என்ன சொன்ன?"

அதுவரை அவள் பிபியானாவை நீங்கள் என்றுதான் பேசியிருக்கிறாள். கல்யாணமாகி வந்த நாள்முதல்.

"ஆல்போர்க்லேர்ந்து பேசுனான்னு சொன்னேன்."

அமாலியா கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அனோராக்கின் மேல் வைத்தாள். "உசிரோட இருந்தாங்க. அவன் பார்த்தப்ப உசிரோடதான் இருந்தாங்க. தேடிட்டு இருந்தோம். ஹெலிகாப்டர் பறந்துட்டுதான் இருந்துச்சு."

"எனக்குத் தெரியாது அமாலியா. அவன் அங்க இருக்கான்னு சத்தியமா எனக்கு..."

"என்கிட்டச் சொல்லாத." அமாலியா தோல்பையிலிருந்து குழந்தையை உருவி எடுத்து அவள் முன்னால் நீட்டினாள். "இதோ இருக்காரு. உன் தம்பி. இவருகிட்டச் சொல்லு."

பிபியானா வாங்கிக்கொண்டாள். குழந்தை கனமாகவும் சூடாகவும் இருந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகி அவள் வெள்ளைக் கோட்டில் இறங்கியது. செவெரின் என்று பெயர் வைத்த அந்த முகத்தைப் பார்த்து அவளால் பேச முடியவில்லை. பார்க்காமலும் பேச முடியாது.

"தம்பி" என்றாள். "அவங்க உன்னத் தேடி வந்திருப்பாங்க. நான்தான் வேற பக்கம் அனுப்பிட்டேன். அவன்மேல இருந்த ரோஷத்துல வாயில வந்ததச் சொல்லிட்டேன். நீ அவனை விட்டுருக்க மாட்ட, தெரியும். உன் சட்டையக் கழட்டி அவனுக்குக் குடுத்திருப்ப. அவன் அம்மான்னு கூப்பிட்டானா தம்பி? என்னக் கூப்பிட்டானா?"

குழந்தை அவளுடைய விரலை இழுத்து வாய்க்குள் வைத்துக் கடித்தது. ஈறுக்குள்ளிருந்து புதுசாக எட்டிப் பார்த்த முனை நறுக்கென்று பதிந்தது. அவள் முகம் கோணியதைப் பார்த்து அது கெக்கலி கொட்டிச் சிரித்தது. அப்போதுதான் பிபியானாவுக்கு அழுகை வந்தது. தரையில் உட்கார்ந்து, குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். சிக்னெ கதவைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் புரியாமல் அங்கேயே நின்றுவிட்டாள்.

அமாலியா குனிந்து குழந்தையை வாங்கினாள். பிடுங்கவில்லை, நிதானமாக, விரல்விரலாகப் பிரித்து வாங்கினாள். பைக்குள் வைத்து, தொப்பியை இழுத்துக் காதை மூடினாள்.

"அவரு சிரிக்கிறாரு. அக்கான்னா அவருக்கு எப்பவும் இரக்கம்தான். எனக்கு அது இல்ல." அனோராக்கை மடித்தாள். ஒருதரம் சரியாக மடியவில்லை, திரும்ப மடித்தாள். "எந்திரி. யோர்கெனுக்குப் போன் போடு. அன்னைக்குக் கேட்டதுக்கு இப்பப் பதில் சொல்லு. நான் நிக்கும்போதே சொல்லு."

பிபியானா எழுந்து மேஜையருகே போய் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் யோர்கென் எடுத்து, என்ன பிபியானா, தம்பிதானே என்றார்.

"போன மார்ச்ல நீங்க ஒண்ணு கேட்டீங்க. செவெரின்கூட யாராவது போனாங்களான்னு."

"கேட்டேன்."

"போனாங்க. மினிக் போனான். ரெண்டு பேர் இருந்தாங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அமாலியா அதற்குமேல் நிற்கவில்லை. கதவைத் திறந்தாள், குளிர் அறைக்குள் வந்தது. வாசற்படியில் நின்று திரும்பாமலேயே சொன்னாள்.

"நிவி மறுபடியும் உண்டாயிருக்கா. மினிக் பேரை அந்தப் பிள்ளைக்கு வைக்கணும்னு எங்க வீட்டுப் பக்கம் கேக்க வந்துடாத. இப்ப வந்துடாத."

கதவு சாத்திக்கொண்டது. எனோக் நாய்களை அதட்டுவதும் வண்டி பனியில் உரசிக் கிளம்புவதும் கேட்டன.

"பிபியானா" என்றார் யோர்கென் போனில், மிகவும் மெதுவாக. "அன்னைக்கு நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"அன்னைக்கு அவன்மேல கோவமா இருந்தேன்" என்றாள் பிபியானா.